திறப்பதற்கு முன் கணினியிடமே கேட்டறிதல்: வாசிகசாலைக் கணினிகளின் வன்பொருளைக் கட்டளை வரியில் அடையாளம் கண்ட அனுபவம்

உப்புவெளிப் பக்கம், கடற்கரையிலிருந்து சிறிது தூரத்தில் இயங்கும் ஒரு வாசிகசாலைக்கு, அலுவலகமொன்றில் கழிக்கப்பட்ட மேசைக்கணினிகள் சில அன்பளிப்பாக வந்து சேர்ந்தன. உயர்தர வகுப்புப் பிள்ளைகள் பாடம் தேடவும், தட்டச்சுப் பழகவும், நிரலாக்கம் கற்கவும் உதவும் நிலைக்கு அவற்றைக் கொண்டுவந்து தரும்படி வாசிகசாலைக் குழுவினர் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். அதற்கு முதலில் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். டிடிஆர்3 என்ற பழைய தலைமுறை நினைவகத் தகடுகள் (ரேம்) இப்போது திருகோணமலை நகரக் கடைகளில் எளிதாகக் கிடைப்பதில்லை. கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்பவர்களிடம் தொலைபேசியில் சொல்லி, பஸ்ஸில் பொதியாக வரவழைக்க வேண்டியிருக்கிறது. பொருந்தாத தகடு வந்துவிட்டால் திருப்பி அனுப்பி மாற்றிக்கொள்வது பெரும்பாடு. எனவே வாங்கும் பட்டியலை எழுதுவதற்கு முன்பு ஐயத்துக்கு இடமில்லாமல் அறிந்துகொள்ள வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பெட்டியைத் திறந்து பார்த்தால் போதாதா என்று சிலர் கேட்டார்கள். போதாது. செயலியின் பெயர் வெப்பந்தணிப்பியின் அடியில், காய்ந்துபோன களிம்பின் கீழே மறைந்திருக்கிறது; நினைவகத் தகடுகளில் ஒட்டிய தாள்கள் மங்கிவிட்டன; ஒரு வன்தட்டு எத்தனை மணித்தியாலம் ஓடியிருக்கிறது என்பதைக் கண்ணால் காண வழியே இல்லை. போதாததற்கு, உப்புக்காற்றில் திருகாணிகள் இறுகித் துருவேறியிருந்தன. திறக்க வேண்டிய தேவை உறுதியான பெட்டியை மட்டுமே திறப்பது என்று தீர்மானித்தோம்.

ஆனால் கட்டளை வரியில், அதாவது எழுத்தில் கட்டளையிட்டுக் கணினியிடமே கேட்கும்போது, வரும் விடைகள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருவன அல்ல. இந்த வேலையில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இதைத்தான். செயலி தன்னைப் பற்றித் தானே தரும் விடை ஒன்று. தாய்ப்பலகையைச் செய்தவர்கள் பயோஸில் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் மென்பொருளில்) எழுதிவைத்துவிட்டுப் போன அட்டவணையிலிருந்து வரும் விடை இன்னொன்று. நினைவகத் தகட்டில் பொருத்திய சிறு சில்லும், வன்தட்டுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சுற்றும் தரும் விடைகள் வேறு. திரையில் எல்லாம் ஒரே எழுத்துருவில், ஒரே அடுக்கில் தெரிவதால் அனைத்தும் சமமான உண்மை என்று தோன்றும். வழக்கொன்றில் நேரில் கண்டவரின் வாக்குமூலத்தையும் பிறர் சொல்லக் கேட்டவரின் வாக்குமூலத்தையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளாதது போலவே, இங்கும் விடை எங்கிருந்து வந்தது என்று பார்த்தபின்தான் அதை நம்பிப் பணம் செலவிட வேண்டும்.

யூஎஸ்பி விரலியொன்றில் லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தை எழுதி, ஒவ்வொரு கணினியையும் அதிலிருந்தே தொடக்கினோம். வன்தட்டில் எதையும் நிறுவாமலும் மாற்றாமலும் பரிசோதனை முழுவதையும் முடித்துவிட இது வசதியானது. சில பொதிகளை மட்டும் பின்னர் இறக்க வேண்டியிருந்தது. அதற்கு ஆண்ட்ராய்டு தொலைபேசியை யூஎஸ்பி வடத்தால் இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்துகொண்டோம். இப்பதிவில் கட்டளைகளின் பெயர்களைத் தமிழ் ஒலிப்பில் எழுதுகிறேன். முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சிட வேண்டும். கணினிகளை இலக்கமிட்டு அழைத்தால் குழப்பம் வருமென்று ஒவ்வொன்றுக்கும் எங்கள் கரையோர ஊர் ஒன்றின் பெயரைச் சூட்டினோம்: சல்லி, நிலாவெளி, குச்சவெளி, மூதூர் என்று.

முதலில் ஓட்டியது எல்எஸ்சிபியு. இது செயலியின் மாதிரிப் பெயர், கருக்களின் (கணிக்கும் தனித்தனி அலகுகளின்) எண்ணிக்கை, ஒரு கருவுக்கு எத்தனை இழைகள் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைத்தொடர்கள்), செயலிக்குள் உள்ள பதுக்கு நினைவகத்தின் அளவு ஆகியவற்றைத் தருகிறது. மாதிரிப் பெயர் சிபியுஐடி என்ற இயந்திர ஆணைக்குச் செயலி தரும் பதில். 48 எழுத்துகள் வரையான அந்தப் பெயர்ச்சரம் இன்டெல் செயலிகளில் சில்லுக்குள்ளிருந்தே வருகிறது. ஆகவே இதை முழுமையாக நம்பலாம். சல்லியின் முகப்பில் கோர் ஐ5 என்று பளபளப்பான ஒட்டி இருந்தது. எல்எஸ்சிபியு காட்டியதோ பென்டியம் ஜி2020: இரண்டு கருக்கள், ஒரு கருவுக்கு ஓர் இழை, 2.9 கிகாஹேர்ட்ஸ். 2013இல் வெளிவந்த, அதே எல்ஜிஏ 1155 குழியில் பொருந்தக்கூடிய செயலி அது. எப்போதோ ஒருவர் செயலியை மாற்றியிருக்கலாம், அல்லது பெட்டியையே மாற்றியிருக்கலாம். எப்படியிருந்தாலும் ஒட்டியைச் சான்றாகக் கொள்ளலாகாது. அதே கட்டளையின் இறுதியில் வரும் கொடிகள் வரியையும் (செயலிக்குத் தெரிந்த கூடுதல் ஆணைத்தொகுதிகளின் பட்டியல்) பார்ப்பது நல்லது. ஏவிஎக்ஸ் என்ற சொல் சல்லியின் வரியில் இல்லை. அந்த ஆணைத்தொகுதியைக் கட்டாயமாகக் கேட்கும் சில மென்பொருள்கள் அந்தக் கணினியில் ஓடவே மாட்டா. எனவே நிரலாக்க வகுப்புக்குச் சல்லியை ஒதுக்கக் கூடாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

நிலாவெளியில் இருந்தது உண்மையான கோர் ஐ5-2400; 2011இல் வந்த, நான்கு கருக்கள் கொண்ட செயலி. என்னுடன் வேலை செய்த உயர்தர வகுப்பு மாணவர் ப்ரொக் அடைவில் உள்ள சிபியுஇன்ஃபோ கோப்பைத் திறந்துவிட்டுத் திடுக்கிட்டார். “சேர், பேரில 3.10 எண்டு கிடக்கு, இங்க 1600 தானே காட்டுது? ஆரும் மாத்திப்போட்டினமோ?” என்று கேட்டார். செயலி ஓய்வாக இருக்கும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்த வேகத்தைத் தாழ்த்திக்கொள்கிறது. இந்தச் செயலி இறங்கக்கூடிய கீழ்மட்டம் 1600 மெகாஹேர்ட்ஸ். இன்னொரு முனையத்தில் கனமான கணக்கொன்றை ஓடவிட்டு அதே கோப்பை மறுபடியும் வாசிக்கச் சொன்னேன். எண் 3 ஆயிரத்தைத் தாண்டியது. மாதிரிப் பெயர் நிலையானது, மெகாஹேர்ட்ஸ் அந்த நொடியின் அளவீடு என்பதை அவர் தானே கண்டுகொண்டார்.

அடுத்தது தாய்ப்பலகை. சூடோ டிஎம்ஐடிகோட் என்ற கட்டளை, எஸ்எம்பயோஸ் எனப்படும் அட்டவணையை வாசித்துத் தருகிறது. ஆலன் கொக்ஸ் தொடங்கி, ஜான் டெல்வார் நெடுங்காலமாகப் பராமரித்துவரும் கருவி அது. அதன் கையேட்டுப் பக்கத்திலேயே, இந்த அட்டவணைகளில் உள்ள தகவல் பெரும்பாலும் பிழையாகவோ குறைவாகவோ இருக்கும் என்று வெளிப்படையாக எழுதிவைத்திருக்கிறார்கள். கருவியில் குறையில்லை, அது வாசிக்கும் ஏடு அப்படி. பெரிய நிறுவனங்கள் முழுமையாகச் செய்து விற்ற கணினிகளில் மாதிரிப் பெயரும் தொடரிலக்கமும் ஒழுங்காக இருக்கும். கடையில் பொருத்திய கணினிகளிலோ, உற்பத்தியாளர் நிரப்பவேண்டியது என்ற பொருள்பட்ட ஆங்கில வாசகம் அப்படியே கிடக்கும். அத்தகைய கணினியிலும் பலகையின் பெயர் பெரும்பாலும் சரியாக எழுதப்பட்டிருக்கும் என்பதால், கணினியின் பெயரை விட்டுப் பலகையின் பெயரைப் பிடித்துக்கொள்வது என் வழக்கம். மூலப் பயனர் (ரூட்) அதிகாரம் இல்லாமலே சிஸ் அடைவினுள் கிளாஸ், டிஎம்ஐ, ஐடி என்று இறங்கினால் அங்குள்ள சிறு கோப்புகளில் இதே பெயர்களை வாசிக்கலாம். தொடரிலக்கங்கள் மட்டும் மூலப் பயனருக்கே திறக்கும்.

பலகையின் பெயரை எல்எஸ்பிசிஐ -என்என் தரும் விடையோடு ஒப்பிட்டோம். தாய்ப்பலகையில் சாதனங்களைச் செயலியோடு இணைக்கும் பிசிஐ பாட்டையில் உள்ள ஒவ்வொரு சில்லும் தன் உற்பத்தியாளர் எண்ணையும் சாதன எண்ணையும் தன்னுள்ளே வைத்திருக்கிறது. மார்ட்டின் மாரெஷ் உருவாக்கிய பிசிஐயூட்டில்ஸ் தொகுதி அந்த எண்களைப் பெயர்ப்பட்டியலோடு பொருத்திக் காட்டுகிறது. இன்டெல்லின் எண் 8086. 1978இல் வந்த தன் புகழ்பெற்ற செயலியின் பெயரையே அந்த நிறுவனம் தன் அடையாள எண்ணாகவும் வைத்திருக்கிறது. எங்கள் கணினிகளில் 8086:1சி5சி என்ற எண் வந்தது. அது எச்61 சில்லுத்தொகுதி; துறைகளைச் செயலியோடு இணைக்கும், தாய்ப்பலகையின் மையச் சில்லு. இந்த ஒரு விடையிலிருந்து பல முடிவுகள் தாமாகவே கிடைத்தன: ஒரு நினைவகத் தடத்துக்கு ஒரு துளை மட்டுமே, ஆக மொத்தம் இரண்டு, துளைக்கு 8 என்று உச்சம் 16 ஜிகாபைட், வன்தட்டை இணைக்கும் சாட்டா துறைகள் விநாடிக்கு 3 கிகாபிட் வேகத்துக்கு மேல் போகா, சில்லுத்தொகுதிக்குச் சொந்தமாக யூஎஸ்பி 3 இல்லை.

நினைவகத்தில்தான் நாங்கள் அதிக நேரம் செலவிட்டோம். செலவும் அதிலேதான். ஃப்ரீ -எச் என்ற கட்டளை 4 ஜிகாபைட் பொருத்திய கணினியில் 3.7 அல்லது 3.8 என்று காட்டுவதைக் கண்டு பலர் தகட்டில் பழுது என்று நினைக்கிறார்கள். செயலிக்குள் உள்ள வரைகலைப் பகுதி முதன்மை நினைவகத்திலிருந்தே தன் பங்கை எடுத்துக்கொள்கிறது, இயங்குதளத்தின் மையப் பகுதியான கேர்னலும் சிறிது ஒதுக்கிக்கொள்கிறது. மீதிதான் அந்த எண். எத்தனை தகடுகள், எந்தத் துளையில் என்று அறிய டிஎம்ஐடிகோட் -டி 17 வேண்டும். ஒவ்வொரு துளைக்கும் தனிப் பத்தியாக, அளவு, வகை, தகட்டின் வேகம், இப்போது ஓடும் வேகம், பாக எண் ஆகியவற்றை அது தரும். நிலாவெளியில் தகட்டின் வேகம் 1600, ஓடும் வேகம் 1333 என்று இருந்தது. ஐ5-2400 செயலியின் நினைவகக் கட்டுப்பாட்டகம் அதிகாரபூர்வமாக 1333 வரைதான் போகும். எனவே வேகம் கூடிய தகட்டுக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் அந்தக் கணினிக்குப் பயன் இல்லை.

-டி 16 என்பது பலகை ஏற்கும் உச்ச அளவைச் சொல்வது. குச்சவெளியின் அட்டவணை 32 ஜிகாபைட் என்றது. அதே கணினியின் எல்எஸ்பிசிஐ எச்61 என்று சொல்லிவிட்டதால், 32 என்பது பலகையைச் செய்தவர்கள் வேறொரு பலகையின் அட்டவணையைப் பிரதிபண்ணியபோது தொற்றிக்கொண்ட எண்ணாக இருக்கலாம். சில்லே சொல்லும் அடையாளமும் எழுதிவைத்த அட்டவணையும் முரண்பட்டால் நான் சில்லின் பக்கமே நிற்பேன்.

நிலாவெளியில் இரண்டு தகடுகள் இருப்பதாக அன்பளிப்புப் பட்டியல் சொன்னது. -டி 17 ஒன்றை மட்டும் காட்டி, மற்றத் துளையில் தகடு பொருத்தப்படவில்லை என்றது. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. தொடக்க நேரத்தில் பயோஸால் இயக்க முடியாத தகட்டையும் அந்த அட்டவணை வெறும் துளையாகவே பதிகிறது. துளை வெறுமையா, தகடு பழுதா என்பதை டிஎம்ஐடிகோட் பிரித்துச் சொல்லாது. அதைப் பிரிக்க இன்னொரு வழி இருக்கிறது. ஒவ்வொரு தகட்டிலும் எஸ்பிடி எனப்படும் சிறு நினைவுச் சில்லு ஒன்று உள்ளது. டிடிஆர்3 தகடுகளில் அதன் கொள்ளளவு 256 பைட்டுகள். தகட்டின் அளவு, வேகம், மின்னழுத்தம், பாக எண், உற்பத்தியான ஆண்டும் வாரமும் எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். அது ஐ2சி வகைத் தனிப் பாட்டையில், 50 தொடக்கம் 57 வரையான பதினறும முகவரிகளில் பதில் சொல்லும். தகட்டின் பிரதான நினைவகம் இயங்காவிட்டாலும் இந்தச் சில்லு பேசக்கூடும்.

ஐ2சி-டூல்ஸ் பொதியை நிறுவி, ஐ2சி-டெவ் என்ற கேர்னல் கூறை ஏற்றி, ஐ2சிடிடெக்ட் -எல் மூலம் இன்டெல்லின் ஐ801 பாட்டை எது என்று அறிந்து, அந்தப் பாட்டையில் 50 முதல் 57 வரையான எல்லைக்குள் மட்டும், வாசிப்பு முறையில் தேடினோம். எல்லையை இவ்வாறு சுருக்குவது அவசியம்; அதே பாட்டையில் வேறு கட்டுப்பாட்டுச் சில்லுகளும் இருக்கும், அவற்றைத் தேவையின்றித் தட்டி எழுப்பக் கூடாது. எழுதும் கட்டளை எதையும் அங்கே பயன்படுத்தவே கூடாது. விடையில் இரண்டு முகவரிகள் பதிலளித்தன. அப்படியானால் இரண்டாவது தகடும் துளையில் இருக்கிறது, அதன் சிறு சில்லுக்கு மின்சாரமும் போகிறது, ஆனால் நினைவகம் இயங்கவில்லை. திறக்க வேண்டிய பெட்டி இதுதான் என்று அப்போது உறுதியானது.

திறந்து தகட்டைக் கழற்றியபோது, பொன்முலாம் பூசிய தொடுமுனைகளின் ஓரத்தில் பசுமை கலந்த மங்கல் படிந்திருந்தது. கடலோர ஊர்களில் இது வழமையான நோய். உப்பு ஈரத்தை இழுத்துவைக்கிறது. முலாமின் நுண்துளைகள் வழியாக அடியிலுள்ள உலோகம் அரிக்கப்படுகிறது. வாடைக்காற்றுக் காலத்து மழை மாதங்களில் மின்சாரம் இல்லாமல் மூடிக்கிடந்த கணினி அதிகம் பாதிக்கப்படுகிறது. பென்சில் அழிப்பானால் தேய்ப்பதை இங்கே பலர் செய்வார்கள். நான் அதை விரும்புவதில்லை. மிக மெல்லிய முலாம் தேய்ந்துபோனால் அடுத்த அரிப்பு இன்னும் விரைவாக வரும். ஐசோபுரோப்பைல் அல்ககோலில் நனைத்த, நூல் உதிராத துணியால் ஒரே திசையில் துடைத்தோம். துளையிலிருந்த தூசியை ஊதி அகற்றினோம். நன்றாக உலர்ந்தபின் தகட்டை அழுத்திப் பொருத்தினோம். மறுபடி தொடக்கியதும் -டி 17 இரண்டு துளைகளையும் நிரம்பியவையாகக் காட்டியது. தகடு தெரிகிறது என்பது அது பிழையின்றி நினைவில் வைத்திருக்கும் என்பதற்குச் சான்றல்ல. ஆகவே மெம்டெஸ்ட்86+ கருவியை ஒரு முழுச் சுற்று ஓடவிட்டு, பிழை ஏதும் வராததைப் பார்த்தபின்பே வாங்கும் பட்டியலிலிருந்து நிலாவெளியை நீக்கினோம்.

வாங்க வேண்டிய மற்றக் கணினிகளுக்கு டிகோட்-டிம்ஸ் கட்டளை பெரிதும் உதவியது. அது எஸ்பிடி சில்லின் உள்ளடக்கத்தை விரித்துச் சொல்லும். டிடிஆர்3 தகடுகளுக்கு ஏடி24 என்ற கேர்னல் கூறும் டிடிஆர்4 தகடுகளுக்கு ஈஈ1004 என்ற கூறும் ஏறியிருக்க வேண்டும். அதில் சில்லொன்றின் அகலம் என்ற வரியைத் தவறாமல் பார்க்க வேண்டும். ஏஎம்டி கணினிகளுக்கு மட்டும் என்ற குறிப்போடு மலிவு விலையில் விற்கும் 8 ஜிகாபைட் டிடிஆர்3 தகடுகளில் 4 பிட் அகலச் சில்லுகள் இருக்கின்றன. அவற்றை எங்கள் இன்டெல் செயலிகள் ஏற்பதில்லை. ஆகவே கொழும்புக்குச் சொன்னபோது, மேசைக்கணினிக்குரிய 240 ஊசித் தகடு, டிடிஆர்3, சில்லகலம் 8 பிட், எட்டு ஜிகாபைட் என்றால் இருபக்கமும் சேர்த்து 16 சில்லுகள் என்று விரிவாகவே சொன்னோம். வந்த தகடுகளை அதே கட்டளையால் சோதித்த பின்பே பணத்தை அனுப்பினோம். வியாபாரியும் அதற்கு உடன்பட்டார்.

வன்தட்டுகளுக்கு எல்எஸ்பிஎல்கே கட்டளையில் மாதிரி, அளவு, சுழற்சி, இணைப்பு ஆகிய நிரல்களைக் கேட்டோம். சுழற்சி நிரலில் 1 என்றால் சுழலும் தட்டு, 0 என்றால் சுழலும் பாகமில்லாத எஸ்எஸ்டி. 500 ஜிகாபைட் தட்டு 465.8 என்று தெரிவது 1000த்துக்குப் பதிலாக 1024ஆல் வகுப்பதால் மட்டுமே, எதுவும் குறைந்துவிடவில்லை.

தட்டின் உடல்நிலையைச் சொல்வது ஸ்மார்ட்சிடிஎல் -ஏ. இந்த விடை வன்தட்டின் சொந்தக் குறிப்பேட்டிலிருந்து வருகிறது. மேலே பெரிதாகத் தேறியது என்ற பொருளில் வரும் முடிவை மட்டும் பார்த்துத் திருப்தியடையக் கூடாது. குச்சவெளியின் தட்டும் தேறியது என்றுதான் சொன்னது. ஆனால் 197ஆம் இலக்க வரியில், வாசிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் பிரிவுகள் இருந்தன, 5ஆம் இலக்க வரியில் ஏற்கெனவே மாற்றிடத்துக்கு நகர்த்திய பிரிவுகளும் இருந்தன. கடைசி நிரலில் உள்ள மூல மதிப்பையே வாசிக்க வேண்டும். சீகேட் தட்டுகளில் 1ஆம், 7ஆம் இலக்க வரிகளில் மிகப்பெரிய எண்கள் தெரிவது அவற்றின் எழுதுமுறையால் வருவது. அதைக் கண்டு தட்டை எறிந்துவிட வேண்டாம். 199ஆம் வரி ஏறிக்கொண்டே போனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சாட்டா வடத்தை. குச்சவெளியின் தட்டைப் பிள்ளைகளின் வேலைகளை வைக்கும் இடமாக நம்ப முடியாது என்பதால் அதை நீக்கி, சிறிய எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தினோம். கேர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையின் வெளியீடு அதை 3.0 கிகாபிட் இணைப்பு என்று காட்டியது. எச்61 தரக்கூடியது அவ்வளவே. விநாடிக்கு ஏறத்தாழ 300 மெகாபைட்டுக்கு மேல் அந்தத் துறையில் செல்லாது என்பதால் மலிவான எஸ்எஸ்டியே போதும்.

மூதூரில் வலையமைப்பு மட்டும் சோம்பியிருந்தது. எல்எஸ்பிசிஐ -என்என்கே, 10இசி:8168 என்ற ரியல்டெக் அட்டையையும் அதற்கு ஆர்8169 என்ற இயக்கி மென்பொருள் ஏறியிருப்பதையும் காட்டியது. வன்பொருளும் இயக்கியும் சரி. ஈத்டூல் கட்டளையோ இணைப்பு வேகம் 100 மெகாபிட் என்றது. ஆயிரம் மெகாபிட்டுக்கு வடத்தின் நான்கு சோடிக் கம்பிகளும் வேண்டும்; நூறுக்கு இரண்டு சோடி போதும். வடத்தின் முனையை வெட்டிப் புதிதாக அடித்ததும் வேகம் ஆயிரமானது.

வாசிகசாலையில் கிடந்த கம்பியில்லா யூஎஸ்பி இணைப்பான்களில் ஒன்றை எல்எஸ்யுஎஸ்பி 0பிடிஏ:1ஏ2பி என்று காட்டியது. அந்த நிலையில் அது தன்னை வலையமைப்புச் சாதனமாக அறிமுகப்படுத்துவதில்லை; வின்டோஸ் இயக்கியைச் சுமந்த குறுவட்டாக நடிக்கிறது. யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் கருவியால் அந்தக் குறுவட்டை வெளியேற்றியதும் வேறொரு அடையாள எண்ணுடன் கம்பியில்லா அட்டையாக மீண்டும் தோன்றியது.

ஒவ்வொரு கணினியிலும், வன்பொருள் முழுவதையும் பட்டியலிடும் எல்எஸ்எச்டபிள்யு கட்டளையின் முழு வெளியீட்டையும், ஸ்மார்ட்சிடிஎல், டிகோட்-டிம்ஸ் வெளியீடுகளையும் ஊர்ப்பெயர் இட்ட கோப்புறையில் சேமித்து, திகதியைக் குறித்துக்கொண்டோம். இவற்றை வெளியாருக்கு அனுப்பும்போது தொடரிலக்கங்களையும் வலையமைப்பு அட்டையின் முகவரியையும் நீக்கிவிடும்படி மாணவரிடம் சொல்லியிருக்கிறேன். சுருக்கத்தை ஒரு தாளில் அச்சிட்டு, ஒவ்வொரு பெட்டியின் பக்கத்தகட்டின் உட்புறத்தில் ஒட்டியாயிற்று. சல்லியின் முகப்பில் இருந்த ஐ5 ஒட்டியைக் கழற்றிவிட்டு, அந்தக் கணினியை நூற்பட்டியல் பதிவுக்கு ஒதுக்கியிருக்கிறோம். நினைவகமும் எஸ்எஸ்டியும் பொருத்திய மற்றவை இப்போது பிள்ளைகளின் பாவனையில் உள்ளன. மாரி தொடங்குமுன் ஸ்மார்ட்சிடிஎல்லையும் டிஎம்ஐடிகோட் -டி 17ஐயும் எல்லாக் கணினிகளிலும் மறுபடி ஓட்டி, சேமித்த கோப்புகளோடு ஒப்பிடும் வேலையை அந்த மாணவரே பொறுப்பேற்றிருக்கிறார்.